பலகையில் இருந்த பெயர்

எதிர்வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக ஒன்றாவது சொல்லிவிட்டுத் தொடங்கலாம் என்று நினைத்தேன். யாரைப் பற்றிப் பேசினாலும் இரண்டு பக்கமும் பேச வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். யோசித்து யோசித்துப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. அவர் வீட்டுச் செம்பருத்தி நன்றாகப் பூக்கும். அதுவும் அவர் மனைவி தண்ணீர் ஊற்றுவதால்.

எங்கள் தெரு அல்வாலைத் தாண்டி, ஹைதராபாத் முடிகிற இடத்தில் இருக்கிறது. ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, நகரத்தின் எல்லை எங்கள் தெருவின் நடுவில்தான் ஓடியது. அவர்கள் பக்கம் மாநகராட்சி, எங்கள் பக்கம் கிராமப் பஞ்சாயத்து. அவர்கள் பாதிக்குத் தார் போட்டு, எங்கள் பாதியை மண்ணாக விட்டிருந்தார்கள். விளக்குக் கம்பங்கள் எல்லாம் அந்தப் பக்கம். காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் குப்பை ஆட்டோ அந்தப் பக்க வாளிகளை மட்டும் வாங்கிக்கொண்டு போகும். இந்தப் பக்கத்திலிருந்து யாராவது வாளியோடு ஓடினால் ஓட்டுநர் கையை ஆட்டிவிடுவார்.

நாங்கள் இந்தப் பக்கம் ஃபிளாட் வாங்கியதற்குக் காரணம் எல்லோருக்கும் உள்ள காரணம்தான். அதே அளவு வீடு, தெருவைக் கடந்தால் விலை குறைவு. கணவருக்கு மென்பொருள் நிறுவனத்தில் வேலை, எனக்கு எம்.எஸ்.ஸி. படிப்பு, ஒரு மகள். எங்கள் கட்டடத்தில் இருந்த யாரும் மண்வெட்டியைத் தொட்டவர்கள் இல்லை. ஆனாலும் அரசாங்கக் கணக்கில் எங்கள் ஊர் கிராமம். அடுக்குமாடிகள் வருவதற்கு முன்பு எடுத்த கணக்கு. ஓர் ஊர் நகரமா கிராமமா என்று முடிவு செய்யும்போது, அங்குள்ள ஆண்களில் எத்தனை பேர் விவசாயம் அல்லாத வேலை செய்கிறார்கள் என்று பார்ப்பார்களாம். ஆண்களை மட்டும். அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. பிள்ளைக்கு மூச்சிழுப்பு வந்ததால் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த நான், எந்தக் கணக்கிலும் ஊரை இம்மியளவும் நகர்த்தக் கூடியவளாக இல்லை.

இழுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்துக்கும் அடுத்த கட்டடத்துக்கும் நடுவில் ஒரு காலி மனை. முள்ளும் புல்லுமாகக் கிடக்கும். எதிர்ப் பக்கக் காலனிச் சங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த துப்புரவுப் பெண் ஒருத்தி, அவர்கள் தெருவைக் கூட்டி, தென்னை மட்டை, தெர்மாகோல், கிழிந்த மெத்தை என்று குப்பை ஆட்டோ எடுத்துப் போகாத எல்லாவற்றையும் காலை வேளையில் தள்ளுவண்டியில் கொண்டு வந்து அந்த மனையில் கொட்டிக் கொளுத்துவாள். மகளின் பள்ளிப் பேருந்து வரும் நேரமும் அதுதான்.

என் மகளுக்குத் தமிழ் புரியும். பதில் தெலுங்கில் வரும். "மம்மி, பொக வஸ்துந்தி!" என்று கத்திக்கொண்டு அவளே ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்துவாள். புகையைப் பொக என்பாள். ஐந்து வயதுக் குழந்தை, மழை வந்தால் துணி எடுக்க ஓடுவதைப் போல, புகை வந்தால் ஜன்னல் சாத்த ஓடுவது பார்க்க வேடிக்கையாக இருக்கும். பிறகு அவள் தோள்பட்டை மேலும் கீழும் ஏறி இறங்கத் தொடங்கும்.

திருமுல்கேரியில் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா, கொசுவர்த்தி உண்டா, ஊதுபத்தி உண்டா என்று கேட்டார். நான் சாம்பிராணியை நிறுத்தினேன். சாமிக்கு ஊதுபத்தியை நிறுத்தினேன். மிளகாய் தாளிப்பதை நிறுத்தினேன். கம்பளிகளை ஊருக்கு அனுப்பினேன். ஒவ்வொன்றையும் நிறுத்திவிட்டு, இதுவா அதுவா, நான் எதைக் கவனிக்காமல் விட்டேன் என்று என்னையே குடைந்துகொண்டிருந்தேன். கடைசியில் தயங்கித் தயங்கி, பக்கத்து மனையில் குப்பை எரிக்கிறார்கள் என்று மருத்துவரிடம் சொன்னேன். "அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். இவள் நுரையீரல் வளர்கிற வயது" என்றார்.

நிறுத்தச் சொல்லப் போனேன்.

எதிர்வீட்டுக்காரர்தான் அந்தப் பக்கக் காலனிச் சங்கத்தின் செயலாளர். கூட்ட வருபவளுக்கு மாடியிலிருந்து கையைக் காட்டி வேலை சொல்பவரும் அவர்தான். தமிழர். அவர் குடும்பம் வெள்ளைக்காரர் காலத்தில் பட்டாளத்தோடு செகந்தராபாத் வந்தது. ராணுவக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ்க்காரர்தானே, பேசினால் கேட்பார் என்று நம்பினேன். வாசலில் நிற்க வைத்தே பேசினார்.

"பாப்பா, அது பஞ்சாயத்துப் பக்கம். அங்க நடக்கிறதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"குப்பை உங்க பக்கத்துலேர்ந்துதானே வருது அங்கிள்?"

"எங்க பக்கத்துல ஒரு காயிதம் எரியுதா பாரு. எரிச்சா ஃபைன் போட்டுருவான். நாங்க ரூல்படி இருக்கிறவங்க."

"குழந்தைக்கு மூச்சு வாங்குது அங்கிள்."

"ஹவ், ஹவ், சீஸன் அப்படி. கைக்கு இவ்ளோ டென்ஷன்? நக்கோம்மா. ஆவி பிடிக்க வை." ஆமாம், எதற்கு, வேண்டாம் எல்லாம் அவருக்கு ஹைதராபாத் உருதுவில்தான் வரும்.

உள்ளே அவர் மனைவி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனேன். மனை யாருடையது என்று தெரிந்தால்தான் ஏதாவது செய்ய முடியும் என்றார் அங்கிருந்த எழுத்தர். யாருடையது? எவரிதோ, யாருடையதோ, தெரியாது. எங்கோ வெளிநாட்டில் இருப்பவர்களாக இருக்கும். கேட்ட இடத்திலெல்லாம் இதே பதில்.

அந்த வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் கிராமசபை கூடியது. போகலாமா வேண்டாமா என்று முதல் நாள் முழுக்கக் கணவரைக் கேட்டுத் துளைத்தேன். "ஏட்டி, நமக்கு என்னத்துக்கு வம்பு? நாளைக்கு ஒண்ணுன்னா அந்தாளுதான் வரணும்" என்றார். அவர் திருநெல்வேலிக்காரர், நானும்தான். எனக்கும் வம்பு பிடிக்காது. ஆனாலும் போனேன். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எதிர்வீட்டுக்காரரை உட்கார வைத்திருந்தார்கள். பஞ்சாயத்துப் பக்கத்தில் இவருக்கு என்ன வேலை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

என் அரைகுறைத் தெலுங்கில் புகையைப் பற்றிச் சொல்லி முடித்தேன். பஞ்சாயத்துத் தலைவரான சர்பஞ்ச் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எதிர்வீட்டுக்காரர் திரும்பி உட்கார்ந்து தமிழில் கேட்டார்.

"ஏம்மா, உங்க வோட்டு எங்க இருக்கு?"

"ஊர்ல. திருநெல்வேலியில."

"ரேஷன் கார்டு?"

"அதுவும் அங்கதான்."

அவர் எழுந்து நின்று என் பதிலைத் தெலுங்கில் கூட்டத்துக்குச் சொன்னார். ஓட்டு அங்கே, ரேஷன் அங்கே, புகை மட்டும் இங்கேயாம் என்றார். மைதானமே சிரித்தது. பிறகு என் பக்கம் குனிந்து, அன்பாகச் சொல்வதைப் போல, "உன் பேரு இந்த ஊர்க் கணக்குலயே இல்ல பாப்பா. கணக்குல இல்லாதவங்க கம்ப்ளெயின்ட்டு எப்படிக் கணக்குல வரும்? உங்க ஊர்ல போயி குடு" என்றார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். வீடு வரும் வழியில் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் எல்லாம் வரிசையாக வந்தன. ஒன்றும் பயன்படாது. ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்ததுதான் என்னை அரித்தது. எங்கள் கட்டடத்தில் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அப்படித்தான். இங்கே வீடு வாங்கி, பிள்ளை பெற்று, பள்ளியில் சேர்த்து, ஆனால் பெயரை மட்டும் ஊரில் விட்டு வைத்திருந்தோம். என்றாவது திரும்பிப் போவோம் என்று ஒரு எண்ணம். பொங்கலுக்குப் போகிறபோது தேர்தல் வந்தால் ஓட்டுப் போடுவோம், இல்லையென்றால் இல்லை.

ஓட்டுப் பட்டியலில் பெயரை இங்கே மாற்றுகிறேன் என்றதும் மாமியார் தொலைபேசியில் அழுதார். "இங்கன உள்ள பேர வெட்டிட்டா நமக்கும் ஊருக்கும் என்னம்மா இருக்கு?" அவரைச் சமாதானப்படுத்தி, சமாதானப்படுத்தியது சரியா என்று குழம்பி, பிறகு மாற்றினேன். எதற்கு என்று அப்போது தெளிவாகத் தெரியாது. கணக்கில் இல்லை என்ற அந்த வாக்கியத்தை எதிர்வீட்டுக்காரர் இன்னொரு முறை என்னிடம் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

பிறகு பேச்சு கிளம்பியது. எங்கள் பஞ்சாயத்தை மாநகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள். பழைய ஊரில் ஏரிக்கரையோரம் இருந்தவர்கள் எதிர்த்தார்கள். வரி ஏறும், கிராமத்துக்கு மட்டும் கிடைக்கும் கூலிவேலைத் திட்டம் போய்விடும் என்றார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. அதை நினைத்து நான் நிறையவே தயங்கினேன். தயங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் நெபுலைசர் ஓடும் சத்தம் கேட்டது. மகள் முகமூடியை மூக்கில் வைத்தபடி கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். தயக்கம் அங்கே நின்றது.

விசித்திரம் என்னவென்றால், சேர்க்க வேண்டும் என்று எல்லோரையும்விட அதிகமாக அலைந்தவர் எதிர்வீட்டுக்காரர். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. வார்டு பிரிப்பதற்காக வீடுவீடாகத் தலைக்கணக்கு எடுக்க வந்தபோது, கணக்கெடுக்கும் ஊழியருக்கு வழிகாட்டியாக அவரும் எங்கள் படியேறி வந்தார்.

"பாப்பா, வீட்ல எத்தன பேரு?"

"எங்க பேருதான் கணக்குல வராதே அங்கிள்?"

"அர்ரே, அது பழைய கத. இன்னும் மனசுல வச்சிருக்கியா? இப்ப எல்லாரும் வரணும். தலை கொறஞ்சா நம்ம தெருவை எங்கயோ தூரத்து வார்டோட ஒட்டிருவாங்க. நம்ம ஆளுங்க பகல்ல வீட்டப் பூட்டிட்டுப் போயிடுறாங்க, கதவு தெறந்தாலும் நாங்க இந்த ஊர் இல்லன்றாங்க. நீ சொன்னா கேப்பாங்க."

அவர் முகத்தைப் பார்த்தேன். அன்று மைதானத்தில் பார்த்த அதே முகம். எனக்குள் ஏதோ ஒன்று அமைதியாக உட்கார்ந்தது. இந்தப் பக்கமும் நகரமாகிவிட்டால், அந்தப் பக்கத்து விதிகளும் தெருவைக் கடந்து வரும். காயிதம் எரித்தால் அபராதம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

"சொல்றேன் அங்கிள். காப்பி குடிக்கிறீங்களா?" என்றேன்.

காப்பி கொடுத்தேன். அவரோடு மாடி மாடியாக ஏறி இறங்கினேன். பூட்டியிருந்த வீட்டுக்காரர்களை மாலையில் பிடித்து, குழந்தைகள் முதல் பாட்டிகள் வரை எழுத வைத்தேன். ஓட்டை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு அம்மாவிடமும் உட்கார்ந்து பேசினேன். அவர் எல்லோரிடமும், "நம்ம பொண்ணு, படிச்ச பொண்ணு" என்று என்னை அறிமுகப்படுத்தினார்.

கணவருக்குத் தாங்கவில்லை. "ஏட்டி, நேத்து வரைக்கும் அந்தாளு பேர எடுத்தாலே பல்லக் கடிப்ப. இப்ப என்னன்னா கூடவே சுத்துத?"

"வேல இருக்கு. பேசாம இருங்க."

"என்ன வேல?"

"ஊருக்கு நல்லது பண்றோம்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். நான் கெட்டவளாகிக்கொண்டிருக்கிறேனோ என்று அன்றைக்குச் சமைத்துக்கொண்டே யோசித்தேன். பதில் வரவில்லை. ரசம் நன்றாக வந்தது.

பஞ்சாயத்து மாநகராட்சியோடு சேர்ந்தது. அறிவிப்பு வந்த அந்த வாரமே தெருவெங்கும் காலி மனைகளில் பலகைகள் முளைத்தன. இங்கே அது வழக்கம். நிலத்துக்கு விலை ஏறும் என்று தெரிந்தவுடன், யாராவது வேலி போட்டு வளைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், இந்த மனை இன்னாருக்குச் சொந்தம், அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று பெயரும் தொலைபேசி எண்ணும் பெரிதாக எழுதி நட்டுவிடுவார்கள். எத்தனையோ வருஷம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்த மனைகளுக்கு ஒரே நாளில் அப்பா அம்மா வந்துவிடுவார்கள்.

எங்கள் பக்கத்து மனைக்கும் வந்தார்கள். பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு ஆட்கள் குழி தோண்டிக் கம்பம் நட்டார்கள். கம்பத்துக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தவர் எதிர்வீட்டுக்காரர். பலகையில் இருந்தது அவர் பெயர்.

கையில் ஈரத் துணியோடு அப்படியே நின்றேன். கிராமசபையில் அவருக்குப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி எதற்கு என்று புரிந்தது. யாருடையது என்று தெரியாது என்று ஆளாளுக்குச் சொன்னது புரிந்தது. சேர்ப்பதற்காக இவர் அலைந்த அலைச்சலும் புரிந்தது. அவர் மனையில், அவர் சொல்லித்தான், அவர் பக்கத்துக் குப்பை எரிந்திருக்கிறது. என் பிள்ளை அந்தப் புகையை மூச்சில் இழுத்திருக்கிறாள்.

அவரே லட்டுப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். "பாப்பா, இனிமே நாம எல்லாரும் சிட்டி! உன் உதவி மறக்க மாட்டேன்." வாங்கிக்கொண்டேன். மகளுக்குக் கொடுக்கவில்லை. நான் தின்றேன். நல்ல நெய் லட்டு. பிறகு கீழே போய்ப் பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்தேன். பெயர் தெளிவாக விழுகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன்.

அதன் பிறகு காத்திருந்தேன். பழக்கம் சுலபத்தில் போகாது என்று எனக்குத் தெரியும். தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்து வெளியே தள்ளிய சாமான்கள் எல்லாம் அந்த மனைக்கு வந்து சேர்ந்தன. ஒரு காலை வேளையில் புகை கிளம்பியது. மகள் ஜன்னலைச் சாத்த ஓடினாள். நான் முதல் தடவையாகப் புகையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். புகை பின்னால், பலகை முன்னால், படம் எடுத்து, மாநகராட்சியின் புகார்ச் செயலியில் அனுப்பினேன். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் கை நின்றது உண்மை. கொளுத்திய பெண்ணின் தலையில் விழுந்துவிடுமோ என்றுதான். அவளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல், மனையின் உரிமையாளர் என்று மட்டும் எழுதி அழுத்தினேன்.

ஸ்கூட்டரில் ஒரு பெண் அதிகாரி வந்தார். சுகாதாரப் பிரிவு. பின்னால் ஓர் ஊழியர். மெத்தை இன்னும் புகைந்துகொண்டிருந்தது. தெருவில் கூட்டம் சேர்ந்தது. எதிர்வீட்டுக்காரர் செருப்பைக்கூட சரியாக மாட்டாமல் இறங்கி ஓடி வந்தார். அதிகாரி வாயைத் திறப்பதற்குள், வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் தானாகத் தெலுங்கில் சொல்லிவிட்டது: "மேடம், இது பஞ்சாயத்துப் பக்கம், உங்களுக்கு இதுல சம்பந்தம் இல்ல."

அதிகாரி அவரைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பெயரைச் சத்தமாகப் படித்தார். "இது யாரு?" என்றார்.

சேர்ந்ததற்கு லட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்தார்கள். யாரோ பின்னால் சிரித்தார்கள். அன்று மைதானத்தில் கேட்ட மாதிரியான சிரிப்பு. அது எவ்வளவு நன்றாக இருந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

"பலகை என்னுதுதான் மேடம். குப்பை யாருதுன்னு தெரியாது" என்றார். துப்புரவுப் பெண் தள்ளுவண்டியோடு ஓரமாக ஒடுங்கி நின்றாள். அவர் கண் அவள் பக்கம் போனது. பிறகு என்னைப் பார்த்தது. தமிழுக்கு மாறினார்.

"பாப்பா, நீ சொல்லும்மா. மேலேர்ந்து பாக்குற ஆளு நீ. யாரோ ராத்திரியில வந்து கொட்டிட்டுப் போறாங்கதான?"

"நான் சொல்லலாமா அங்கிள்?"

"சொல்லும்மா. நம்ம பொண்ணு."

"இல்ல, என் பேரு கணக்குல இருக்கான்னு கேட்டேன்."

அவருக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்தபோது அவர் முகம் போன போக்கை நான் இன்னும் வைத்திருக்கிறேன், கைப்பேசியில் இல்லை.

அதிகாரியிடம் தெலுங்கில் சொன்னேன். இந்த அம்மா சம்பளத்துக்கு வேலை செய்கிறவர், சொன்னதைச் செய்கிறார். சொல்கிறவர் இவர். எத்தனையோ காலைகள் அவர் வீட்டு மாடியிலிருந்து கையைக் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். என் தெலுங்கு அன்று எங்கும் தடுக்கவில்லை.

அபராதம் போட்டார்கள். அதோடு முடியவில்லை. நகரத்துக்குள் காலி மனை வைத்திருந்தால் அதற்கு வரி உண்டு, சுத்தமாக வைத்திருக்க வேண்டும், வேலி போட வேண்டும். அதிகாரி ஒவ்வொன்றாகச் சொல்ல ஊழியர் எழுதிக்கொண்டார். இவ்வளவும் நகரமானதால் வந்தது, நகரமாக வேண்டும் என்று கேட்டவர் அவர்தான். அன்று மாலையே அவர் பலகையைப் பிடுங்கிவிட்டார். இனி என்ன பயன்? அவர் பெயர் ஊழியரின் கையில் போயிருந்தது. நோட்டீஸை அவர் வீட்டுக் கேட்டிலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். செம்பருத்திக்குப் பக்கத்தில்.

கணவரை வழியில் நிறுத்தி அவர் முறையிட்டிருக்கிறார். கணவர் மேலே வந்து, "ஏட்டி, இதுக்குத்தான் காப்பி குடுத்தியா?" என்றார். ஆமாம் என்றேன். "சீனி போட்டா குடுத்த?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

மனை இப்போது சுத்தமாக இருக்கிறது. முள்கம்பி வேலி. நெபுலைசர் அலமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது, தூசி படிகிறது, இழுப்பு முழுவதும் போய்விட்டது என்று நான் நம்பிவிடவில்லை, நம்புகிற ஆளும் இல்லை. மகள் மட்டும் காலையில் பழக்கத்தில் ஜன்னலிடம் ஓடுகிறாள். வெளியே பார்த்து, "பொக லேது", புகை இல்லை என்று ஏமாந்த குரலில் சொல்லிவிட்டு வருகிறாள்.

எதிர்வீட்டுக்காரரின் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அது மட்டும் சில நாட்களில் உறுத்துகிறது. அவர் கணவர் நிறுத்தவில்லை. நிறுத்த முடியாது. புதிய வார்டில் கவுன்சிலராக நிற்க அவருக்கு ஆசை என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிப் பேருந்துக்கு மகளைக் கொண்டுபோய் விடும்போது அவர் நடைப்பயிற்சிக்கு வருவார். நான் நின்று, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "வணக்கம் அங்கிள்" என்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "வணக்கம் பாப்பா" என்பார். சொல்லியே ஆக வேண்டும். எங்கள் கட்டடத்தில் எத்தனை ஓட்டு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மாடி மாடியாக ஏறி எழுத வைத்தவள் நான்தான்.